‘பேர் மெட்டல்’ வெற்று உலோகம் அன்று

பெங்களூரு அல்சூரில் சென்ற ஞாயிற்றுக்கிழமை தமிழன்பர்கள் சிலர் கூடியிருந்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு மொழிபெயர்ப்புப் பாடத்தைப் படித்துக் காட்டினார். ‘பல்கருச் செயலியின் வெற்று உலோகத்தில் சி நிரலை இயக்குதல்’ என்பது அதன் தலைப்பு. பல்கருச் செயலி என்பது பல கருக்கள், அதாவது தனித்தனியே கணிக்கும் பகுதிகள், கொண்ட கணினிச் சில்லு (பிராசசர்). ஆங்கிலத்தின் ‘பேர் மெட்டல்’ (bare metal) என்பதற்கு ஈடாக ‘வெற்று உலோகம்’ என்ற இந்தத் தொடரைப் பலமுறை கேட்டுவிட்டேன். இனியும் பேசாதிருத்தல் தகாது.

ஆங்கிலத்தில் ‘பேர்’ என்றால் மேலே போர்வை ஏதும் இல்லாதது. ‘மெட்டல்’ என்பது வன்பொருளுக்குப் பொறியாளர்கள் வழங்கும் குழூஉக்குறி. கணினியின் வேலைகளை மேலாளும் லினக்ஸ் போன்ற இயங்குதளம் இன்றி நிரல் நேரே செயலியில் ஓடுவதே பொருள்.

‘வெற்று உலோகம்’ இதில் எதையும் சொல்லவில்லை. செயலியின் அடிப்பொருளான சிலிக்கான் ஒரு குறைகடத்தி. ஆகவே எந்த உலோகம் என்று மாணவர் கேட்டால் விடை இல்லை. ‘வெற்று’ என்பதோ வெற்றுப் பேச்சு, வெற்றுக் காகிதம் என்பவற்றில் போல உள்ளே ஒன்றும் இல்லாமையைக் குறிக்கிறது. மூலச்சொல்லின் கருத்து வெறுந்தரையில் படுப்பது போன்றது: தரையில் குறை இல்லை, இடையே பாய்தான் இல்லை. நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் இந்தச் சொல்லாட்சியை விட்டுவிட்டு, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது.

சிலர் ‘நேரடி வன்பொருள் நிரலாக்கம்’ என்கிறார்கள். இது கேட்க நன்றாக இருப்பினும் பிழையே. லினக்ஸுக்குள் இயங்கும் சாதன இயக்கியும் (ஒரு சாதனத்தை இயக்கும் சிறு நிரல்) வன்பொருளுடன் நேரடியாகத்தான் பேசுகிறது. வேறுபாடு நேரடித் தன்மையில் இல்லை, இயங்குதளம் இல்லாமையில் இருக்கிறது. 2016இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினியின் செயலியில் 4 கருக்கள் உள்ளன. இயங்குதளம் இருந்தால் அது அவற்றை எழுப்பி வேலையைப் பங்கிடும். இல்லாதபோது, நம் நிரலை முதல் கரு மட்டுமே தொடங்க, மற்ற மூன்றும் தமக்குரிய நினைவக முகவரியில் ஓர் எண் எழுதப்படும் வரை காத்து நிற்கும். அதை எழுதி அவற்றை எழுப்புவதும், ஒவ்வொன்றுக்கும் தற்காலிகத் தரவுகளை வைக்கத் தனி அடுக்கு நினைவகம் (stack) ஒதுக்குவதும், இரு கருக்கள் ஒரே மாறியில் மோதாதபடி பூட்டு அமைப்பதும் நம் கடமை. தொடக்க மதிப்பில்லாத பொது மாறிகளைச் சுழியாக்கும் சிறுவேலையைக்கூட நாமே செய்ய வேண்டும். இத்தனைக்கும் காரணமான இன்மையைச் சொல்லும் ‘இயங்குதளமற்ற நிரலாக்கம்’ என்பதையே நான் ஏற்கிறேன். நீளம் ஒரு குறை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுருக்கித் ‘தளமற்ற’ என்றால் இணையதளத்தோடு குழம்பும்.

இந்நகரின் மேகக் கணிமை அலுவலகங்களில் ‘பேர் மெட்டல் சர்வர்’ என்பது வேறு பொருளில் வழங்குகிறது. அங்கே இயங்குதளம் உண்டு; ஒரே கணினியைப் பல கணினிகள் போலப் பகுத்துத் தரும் மெய்நிகராக்க அடுக்குதான் இல்லை. அதை ‘மெய்நிகராக்கமற்ற வழங்கி’ என்க. இரண்டையும் ஒரே உலோகத்தில் வார்க்கும் மொழிபெயர்ப்பாளர்கள் பாடத்தைப் புரிந்துகொள்ளாமலே சொல்லை மாற்றுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலையே இயங்குதளத்தை நம்பாத ‘ஃபிரீஸ்டாண்டிங்’ (freestanding) சூழலைத் தனியே வகுத்திருக்கிறது. அதில் தொடக்கச் செயற்கூற்றுக்கு ‘மெயின்’ என்ற பெயர்கூடக் கட்டாயமில்லை. அதனைத் ‘தற்சார்புச் சூழல்’ எனலாம். அந்த மாணவரின் பாடத்தில் அது ‘சுதந்திரமாக நிற்கும் சூழல்’ என்று இருந்தது.