கரிக்கோச்சிக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

அம்மம்மா வீட்டில் ஒரு பழைய கேத்தல் இருந்தது. மூடியைத் திறந்து கையை விட்டால் அடியில் வெள்ளையாக, சிப்பி ஓடு போல ஒரு படை தட்டுப்படும். மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைப்பார். படை நுரைத்துக் கரையும். கரையாததைக் கரண்டிக் காம்பால் தட்டி எடுப்பார். கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைக்கும் யாழ்ப்பாண வீடுகளுக்கு இது புதிதில்லை. அந்தக் கேத்தல் இப்போது நினைவுக்கு வரக் காரணம் எனக்கிருக்கும் ஓர் ஆசை. திருத்தி உயிர் கொடுத்த ஒரு நீராவி எஞ்சின் மறுபடி நம்மூர்த் தண்டவாளத்தில் ஓட வேண்டும்.

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் பாதை திறந்தது 1902இல். 1905இல் கொழும்போடு தொடுப்பு வந்தது. அம்மப்பா காலத்துப் பிள்ளைகளுக்கு அது கரிக்கோச்சி. 1956இல் யாழ் தேவி விரைவு வண்டி வந்தபோது டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. 1990 யூனில் எல்லாமே நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. நான் கோச்சி இல்லாத ஊரில் வளர்ந்தவன். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் நிலையம் மறுபடி திறந்ததும், அடுத்த யனவரியில் காங்கேசன்துறை வரை வண்டி போனதும் எங்கள் தலைமுறைக்கு முதல் அனுபவம். ஆனால் புகை கக்கும் எஞ்சினை நம்மூரில் நான் கண்டதில்லை.

நாட்டில் நீராவி எஞ்சின்கள் இன்னும் இருக்கின்றன. கடுகண்ணாவ ரயில் அருங்காட்சியகத்தில் சில நிற்கின்றன. 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா வண்டியைப் பழைய நீராவி எஞ்சின்கள் இழுத்திருக்கின்றன. அப்படி ஒன்றை இங்கே கொண்டுவந்து யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினால் எப்படியிருக்கும்? திட்டம் எதுவும் இருப்பதாகச் சொல்ல வரவில்லை. செய்வதென்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்று படிக்கப் போய், அதன் அறிவியலில் மாட்டிக்கொண்டேன்.

சில்லு இருக்கிறதே, தானாக ஓடி வரட்டுமே என்று கேட்கத் தோன்றும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை சுமார் 400 கிலோமீற்றர். வழியில் பல தடவை தண்ணீர் நிரப்ப வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். டீசல் காலத்துப் பாதையில் அதற்கு வசதி இல்லை. சரி, நெருப்பை அணைத்துவிட்டு டீசல் எஞ்சினில் கொழுவி இழுத்து வரலாம். பெரிய பாதையின் அகலம் நாடு முழுக்க ஒன்றுதான், 1,676 மில்லிமீற்றர். ஆனால் நெருப்பில்லாத எஞ்சினை அப்படியே நீண்ட தூரம் இழுத்தால் அதற்குத்தான் கேடு.

காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது நீராவிதான் எண்ணெயையும் சிலிண்டருக்குள் கொண்டுபோகிறது. பிஸ்டன் அந்த எண்ணெய்ப் பூச்சின் மேல் வழுக்கி ஓடுகிறது. நீராவி இல்லாமல் இழுக்கும்போது சில்லு சுற்றச் சுற்றப் பிஸ்டனும் ஆடும், எண்ணெய் மட்டும் வராது. போதாததற்குப் பிஸ்டன் இப்போது சைக்கிள் பம்ப் மாதிரி வேலை செய்யத் தொடங்கும். புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகை அறையில் சாம்பலும் கரித்தூளும் கிடக்கும். வெளியேற வேண்டிய வழியாலேயே அந்தத் தூளை அது உள்ளே உறிஞ்சும். வருடக்கணக்கில் கடைந்து மினுக்கிய சிலிண்டரை ஒரே பயணத்தில் அரத்தால் தேய்த்தது போலாகிவிடும். அதனால் நீண்ட பயணம் என்றால் பிஸ்டனைச் சில்லோடு சேர்க்கும் பெரிய தண்டுகளைக் கழற்றிவிடுவார்கள்.

கழற்றினாலும் தொல்லை தீராது. சில்லுகளின் ஆரைகளுக்கு இடையே பிறை போல ஒரு கனத்த இரும்பு இருக்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். தண்டுகளின் பாரத்துக்கு எதிர்ப்பாரம் அது. தண்டு போனால் அந்தப் பிறை மட்டும் தனியே சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தில் ஒரு குத்துக் குத்தும். வேகம் இரட்டித்தால் குத்து நான்கு மடங்காகும். எனவே மெதுவாகத்தான் வர வேண்டும். தரிக்கும் இடத்திலெல்லாம் ஒருவர் இறங்கி அச்சுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார், புறங்கையால். உள்ளே அச்சைத் தாங்குவது மென்மையான வெள்ளை உலோகம். எண்ணெய் வற்றினால் சூடேறி, 250 பாகைக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். கை வைக்க முடியாத சூடு என்றால் பயணம் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்குப் பயந்தே உலகின் பல இடங்களில் பழைய எஞ்சினை லொறியில் ஏற்றுகிறார்கள். களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் ஓடிய குறும்பாதை எஞ்சின் என்றால் வேறு வழியே இல்லை. அதன் சில்லுகளுக்கு இடையே 762 மில்லிமீற்றர்தான்.

கணக்குக்காக 60 தொன் எஞ்சின் ஒன்றை எடுப்போம். கரியும் தண்ணீரும் கொண்டுவரும் பின்வண்டி தனி லொறியில் வரும். கொதிகலன் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். அது சில தொன் பாரம், பாதி நிரம்பிய குடம் போலத் தளம்பவும் செய்யும். மிச்சம் 60 தொன்னை ஐந்து அச்சில் வைத்து வீதியில் உருட்டினால் தார் தாங்காது. பத்து வரிசைச் சில்லுகள் கொண்ட ட்ரெயிலரில் வைத்தால் வரிசைக்கு 6 தொன், அதோடு ட்ரெயிலரின் சொந்தப் பாரம்.

பத்து வரிசையும் சமமாகத் தாங்கும் என்று யார் சொன்னது? ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் பக்கத்துச் சில்லுகள் அதன் பாரத்தையும் சுமக்க வேண்டுமே. இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் மேலே எண்ணெய் நிரம்பிய ஒரு கால். கால்களெல்லாம் குழாய்களால் தொடுக்கப்பட்டிருக்கும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கியதும் மற்றக் கால்களிலிருந்து எண்ணெய் ஓடி வந்து அந்தக் காலை நீட்டும். தொடுத்த குழாயில் அழுத்தம் எங்கும் ஒன்றே என்ற பஸ்காலின் விதிதான். ஆனால் எல்லாக் கால்களையும் ஒன்றாகத் தொடுத்தால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்ததும் எண்ணெயும் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி, எஞ்சின் கவிழ்ந்துவிடும். அதனால் கால்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். எந்தத் தரையில் வைத்தாலும் முக்காலி ஆடாது. நாற்காலி ஆடும். எத்தனையோ சில்லுகளுள்ள ட்ரெயிலர் உண்மையில் ஒரு முக்காலி.

ஏற்றுவது எப்படி? சாய்வு மேடை கட்டி, அதில் தண்டவாளம் போட்டு, உருக்கு வடத்தால் இழுப்பார்கள். உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் மிக இலகுவாக உருளும். சமதரையில் ஓடத் தொடங்கிய பிறகு 60 தொன்னுக்கு 200, 300 கிலோ விசை போதும். சாய்வில் அந்த இலகுவே ஆபத்தாகிறது. பத்துக்கு ஒன்று சாய்வில் எஞ்சின் 6 தொன் விசையோடு கீழே ஓடப் பார்க்கும், தடுக்க உராய்வும் இல்லை. இருபதுக்கு ஒன்று என்றால் 3 தொன். அதனால் மேடை நீளமாக இருக்க இருக்க நல்லது.

மேடை முடிந்து ட்ரெயிலர் தட்டு தொடங்கும் இடம்தான் நெஞ்சு பதைக்கும் இடம். அங்கே தண்டவாளம் முதுகு போல வளையும். எஞ்சினோ நீண்டு விறைத்த பொருள். முன் சில்லுகள் முதுகைத் தாண்டி அந்தரத்தில் நீளும்போது பின் சில்லுகளும் சற்றே எழும்பும். பாரம் முழுக்க நடுச் சில்லின் வில்தகட்டில் இறங்கும். வில்தகடு உடையலாம். எழும்பிய சில்லு இறங்கும்போது தண்டவாளத்தில் இல்லாமல் பக்கத்தில் இறங்கலாம். அதனால் முதுகின் அடியில் தகடு தகடாகச் செருகி வளைவை ஆறுதலாக்குவார்கள். பிறகு வடம் அங்குலம் அங்குலமாகச் சுருளும். நிலத்தில் குப்புறப் படுத்தபடி ஒருவர் சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையை உயர்த்தினால் எல்லாம் நிற்கும்.

அப்புறம் வீதி. எஞ்சின் உயரம் 4 மீற்றரளவு, தட்டையும் சேர்த்தால் 5க்கு மேல். ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி வந்துவிடலாம். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் குறுக்கே போகும் மின்கம்பிகளும் கோயில் வளைவுகளும். புகைபோக்கியைக் கழற்றித் தனியே கொண்டுவருவது வழக்கம்.

வந்து இறங்கியதும் நெருப்பு மூட்டிவிட முடியாது. ஆடி அசைந்து வந்த கொதிகலனில் எங்காவது கசிவு விழுந்திருக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வரை பம்ப் பண்ணிப் பார்ப்பார்கள். காற்றால் ஏன் சோதிப்பதில்லை? காற்று சுருங்கும், சுருக்கிய வில் போலச் சக்தியைத் தேக்கும், தகடு விட்டால் வெடிக்கும். தண்ணீர் சுருங்காது. தகடு விட்டால் பீச்சியடிக்கும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். சூடான கொதிகலன் என்றால் கதை வேறு. 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் 180 பாகைக்கு மேல் சூட்டில் திரவமாகவே இருக்கும். தகடு கிழிந்தால் அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்தக் காலத்துக் கொதிகலன் விபத்துகள் அவ்வளவு பயங்கரமாக இருந்தது இதனால்தான்.

முதல் நெருப்பும் மெதுவாகவே. ஆறு மீற்றர் நீளக் கொதிகலன் 150 பாகை சூடேறினால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். அதனால் கொதிகலனை முன்புறம் மட்டும் சட்டகத்தில் இறுக்கிப் பொருத்தி, பின்புறத்தை வழுக்க விட்டிருப்பார்கள். நெருப்பு அறை செம்பு, வெளிக்கூடு உருக்கு. செம்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் விரியும். அவசரப்பட்டால் இரண்டையும் பிணைக்கும் நூற்றுக்கணக்கான ஆணிகள் முறுகும். இரவு முழுக்கச் சின்ன நெருப்பு, விடியப் பெரிய நெருப்பு, அதுதான் முறை.

இப்போது கேத்தலுக்கு வருவோம். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த எஞ்சினுக்குப் புது ஊரில் மாறுவது ஒன்றே ஒன்று, தண்ணீர். நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வருகிறது. கொதிக்கும்போது வாயு பிரிந்து போகும், கல் மறுபடி கல்லாகித் தகட்டில் ஒட்டும்.

லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைப்போம். காங்கேசன்துறை போய்வர 36 கிலோமீற்றர், அதற்கு 4,500 லீற்றர் தண்ணீர் என்றால் ஒரு பயணத்துக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல் கல். ஐம்பது பயணத்தில் ஒரு மூட்டைச் சீமெந்தை விட அதிகம். அது ஒட்டுவதும் நெருப்பு அதிகமாகத் தாக்கும் இடத்திலேதான். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் மன்னன். இந்தப் படை அதில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. மறுபக்கம் 1,000 பாகைக்கு மேல் நெருப்பு. வெப்பம் தண்ணீருக்குப் போக முடியாமல் செம்பிலேயே தேங்கினால் தகடு மெலிந்து புடைக்கும். கேத்தல் புடைத்தால் இன்னொன்று வாங்கலாம். இந்த நெருப்பு அறையை இன்று ஒரு சில பட்டறைகளால்தான் செய்ய முடியும்.

கடலை அண்டிய கிணறு என்றால் இன்னொரு தொல்லை, சவர். நம் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது ஊரறிந்தது. உப்பேறிய தண்ணீர் கொதிகலனில் சோறு பொங்குவது போல் நுரைக்கும். நுரையோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போனால், சுருங்காத அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கும் மூடிக்கும் இடையே அகப்பட்டு வார்ப்பிரும்பு மூடியையே உடைத்துவிடும்.

மென்னீராக்கும் இயந்திரம் கல்லை எடுக்கும், உப்பை எடுக்காது. எனக்குப் பிடித்த வழி வேறு. ஒரு நிலையத்துக் கூரை 250 சதுர மீற்றர் என்று வைப்போம். நமக்கு வருடத்தில் 1,200 மில்லிமீற்றரளவு மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,40,000 லீற்றர் சேரும். பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான் பெய்யும் என்பதால் பெரிய தொட்டி வேண்டும். மழைநீர் இலேசான அமிலம், இரும்பை அரிக்கும். அளவோடு காரம் கலந்து, அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவையும் செய்தால் பயணத்துக்கு 4,500 லீற்றர் வீதம் 53 பயணங்கள் வருகின்றன. வருடத்துக்கு 52 ஞாயிற்றுக்கிழமை.