வடக்குப் பக்கம் வெயில் வராது என்று யார் சொன்னது?

கவின் கலைக் கல்லூரிக்குப் புது ஸ்டுடியோ, பசுமைக் கட்டடம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று வரைபடம் வருகிறது. விரித்தால் மறுபடியும் அதேதான். வடக்குப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, மொட்டை மாடியில் சோலார் தகடு, உள்ளே நாலு ஏசி. ஏன் இவ்வளவு கண்ணாடி என்று கேட்டால், "வடக்கு வெளிச்சம் சார், நிழல் நகராமல் சீராக இருக்கும், ஓவியருக்கு அதுதானே வேணும். அந்தப் பக்கம்தான் வெயிலே வராதே" என்கிறார்கள்.

வரும். சென்னையிலும் வரும், கும்பகோணத்திலும் வரும். இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்பது பாரிஸுக்கும் லண்டனுக்கும் பெரும்பாலும் பொருந்தும் பேச்சு. பாரிஸ் 49 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான். சென்னை இருப்பது 13 டிகிரியில். ஏப்ரல் 25 வாக்கில், அதாவது சித்திரை நடுவில், சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வருவது ஆவணி பிறந்த பிறகு, ஆகஸ்ட் 18 வாக்கில். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதமும் சூரியன் எழுவது, ஏறுவது, இறங்குவது, மறைவது எல்லாமே வடக்குப் பாதியில்தான். ஜூன் 21 அன்று சென்னையில் ஒரு கட்டடத்தின் தெற்குச் சுவரில் ஒரு நிமிடம்கூட நேர் வெயில் படாது. முழுநாளும் வாங்கிக்கொள்வது வடக்குச் சுவர். கத்தரி வெயில் காலத்தில் எந்தப் பக்கத்தைக் கண்ணாடியாக்கி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. படம் நிறுத்தி வரையும் ஈசல் சட்டம், எதிரே உட்காரும் மாடல், எண்ணெய் வண்ணம் என்று ஐரோப்பியப் பாடமுறை நமக்கு அந்த வழியில் வந்தது. பாடம் வரலாம், பாரிஸின் சூரியன் கூடவே வராது.

இப்படிக் கட்டிய ஸ்டுடியோவுக்குள் ஜூன் மாதம் சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் தெரியும். கண்ணாடியின் உள்பக்கம் ஆளுயரத்துக்குச் செய்தித்தாளும் சார்ட் பேப்பரும் ஒட்டியிருக்கும். செல்லோடேப் மஞ்சளாகிச் சுருண்டு நிற்கும். ஒட்டாமல் விட்ட இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று மாடலின் தோளில் விழுந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகர்ந்துகொண்டிருக்கும். நிழலை வரைய உட்கார்ந்த மாணவர்கள் கோட்டை அழித்து அழித்து வரைவார்கள். தலைக்கு மேல் எல்லா டியூப் லைட்டும் எரியும். பட்டப்பகலில்!

கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடுகிறது, அதை விரட்ட ஏசி, வெளிச்சத்தை மறைக்கத் திரை, திரை போட்டதால் விளக்கு, இத்தனைக்கும் மின்சாரம் தர சோலார். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். நாலு ஏசி ஆறு மணி நேரம் ஓடினால் 36 யூனிட். நம் ஊரில் 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, 9 கிலோவாட் தகடும் அதைப் பரப்ப 900 சதுர அடி மாடியும் தேவை. இவ்வளவும் நாமே உள்ளே அழைத்த வெயிலை வெளியேற்ற. சோலார் நல்லதுதான், அது கடைசியில் வர வேண்டிய செலவு.

சரி, வடக்கு ஜன்னலை எப்படி வைப்பது? ஓவிய ஸ்டுடியோவில் ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 6 அடியில் தொடங்கட்டும், தலைமட்டம் 12 அடிக்குப் போகட்டும். கீழே படம் மாட்டச் சுவர் கிடைக்கும், வெளிச்சமும் மேலிருந்து சரிந்து விழும். தலைமட்டத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம்வரை நல்ல வெளிச்சம் போகும், அதனால் அறையின் ஆழம் 24 அடிக்குள் இருக்கட்டும். சென்னையில் ஜூன் நடுப்பகல் சூரியன் வடக்கே சுமார் 80 டிகிரி உயரத்தில் நிற்கும். 6 அடி உயரக் கண்ணாடியை அதிலிருந்து மறைக்க 1 அடி 1 அங்குல சன்ஷேடே போதும், மழைச் சாரலையும் நினைத்து 2 அடியாகக் கொடுங்கள். ஆனால் காலையிலும் மாலையிலும் சூரியன் கிழக்கு, மேற்குத் திசைகளிலிருந்து 20 முதல் 24 டிகிரி வடக்கே தள்ளித் தாழ்வாக நிற்கும். அந்த வெயிலைச் சன்ஷேட் தடுக்காது. ஜன்னலின் இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுவர்ச் சிறகு வேண்டும். 3 அடி அகல ஜன்னலுக்கு ஒன்றரை அடி ஆழச் சிறகு இருந்தால் சூரியன் மறையும்வரை நேர் வெயில் உள்ளே எட்டாது. ஒரே நீளக் கண்ணாடியாக வைக்காமல் மூன்று மூன்று அடியாகப் பிரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தொழிற்சாலைக் கூரையைப்போல் ரம்பப்பல் வடிவத்தில் வடக்கு வெளிச்சம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐரோப்பியப் புத்தகத்தில் கண்ணாடிக்கு இருக்கும் 60 டிகிரி சாய்வை அப்படியே எடுக்காதீர்கள். ஜூன் நடுப்பகலில் நேர்க்குத்தான கண்ணாடியில் விழுவதைவிட அந்தச் சாய்வில் மூன்று மடங்குக்கும் மேல் வெயில் விழுகிறது, மார்ச் மாதத்திலேயே வெயில் உள்ளே வந்துவிடும். கண்ணாடியை நேர்க்குத்தாக நிறுத்துங்கள், மேலே இரண்டடி நீட்டல் கொடுங்கள்.

எதிர்ச்சுவரின் நிறத்தையும் பாருங்கள். வடக்கே பத்தடியில் பச்சை பெயிண்ட் அடித்த சுவர் இருந்தால் அறைக்குள் வரும் வெளிச்சமே பச்சையாகிவிடும், உடல்நிறம் கலக்கும் மாணவர் பாவம். வெள்ளையோ வெளிர்சாம்பலோ போதும். மேற்குப் பக்கம் கழிப்பறை, ஸ்டோர், மாடிப்படி. இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு வருவோம். எலிப்பொறிக் கட்டு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கலைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தினால் 9 அங்குலச் சுவருக்கு நடுவே 3 அங்குல வெற்றிடம் கிடைக்கும். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், அந்தக் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கெடுவது கொத்தனாரின் கரண்டியில்தான். கலவையைப் பரப்பும்போது வழிவதெல்லாம் நடுவில் விழுந்து வெற்றிடம் அடைபட்டுவிடும். 3 அங்குலப் பலகை ஒன்றை இடைவெளியின் மேல் வைத்து, கலவை போட்டபின் எடுத்து, அடுத்த வரிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அளவு ஒன்றுபோல் இல்லாத நாட்டுச் செங்கலில் இந்தக் கட்டு நிற்காது, பொறுக்கி எடுங்கள். அடிவரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டலுக்குக் கீழ், தளம் உட்காரும் வரிசை, இந்த நான்கும் வெற்றிடம் இல்லாத முழுக்கட்டு. வயரிங் குழாயைக் கட்டும்போதே வெற்றிடத்தில் இறக்கிவிட வேண்டும். பூசி முடித்தபிறகு எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தினால் அந்த இடத்தில் சுவர் போச்சு.

மண் பிளாக் என்றால் முகம் சுளிக்கும் நிர்வாகங்கள் ஆரோவில் பார்வையாளர் மையத்தைப் போய்ப் பார்க்கலாம். அழுத்திய மண்கல்லில் கட்டியது, எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதை 1992இல் பெற்றது. வங்காளத்தில், சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலா பவனத்தில் மண்ணால் கட்டித் தார் பூசிய 'காலோ பாரி' (கறுப்பு வீடு) இருக்கிறது, அதன் சுவர்ப் புடைப்புச் சிற்பங்கள் மாணவர்களின் கைவேலை. மண்கல் செய்ய மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுங்கள். ஏறக்குறைய பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி வண்டலும் சரளையும். 5 சதவீதம் சிமென்ட். 28 நாள் ஈரம் காயாமல் மூடி வையுங்கள். இரண்டாவது வாரமே லாரியில் ஏற்றினால் மூலை உதிரும், பழி மண்ணின் மேல் விழும். கரிசல் மண்ணில் இதை முயல வேண்டாம்.

தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப். கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடு வைத்து, தேவையற்ற கான்கிரீட்டைக் குறைப்பது. ஓட்டை முதலில் தண்ணீரில் ஊற வையுங்கள், காய்ந்த ஓடு கான்கிரீட்டின் நீரை உறிஞ்சிவிடும். மின்விசிறிக் கொக்கிகளைக் கான்கிரீட் போடும் முன்பே கட்டிவிடுங்கள், பிறகு துளைத்தால் ஆணி ஓட்டுக்குள் போய் நிற்கும். கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் போட வேண்டும், மேஸ்திரி அல்ல. மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ், இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு. அறைக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு மொட்டை மாடி வழியாகத்தான்.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்காற்றையே சுற்றிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு டர்பன்டைனில் தூரிகை கழுவும் நாற்பது பேரை அதற்குள் உட்கார வைக்காதீர்கள். அச்சுக்கலை ஸ்டுடியோவில் உலோகத் தகட்டை அரிக்க வைக்கும் நைட்ரிக் அமிலத் தட்டுக்கு மேலே, கூரையோரம் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பது தவறு. பழுப்பு நிறப் புகை காற்றைவிடக் கனமானது, மாணவரின் மூக்கு உயரத்தைத் தாண்டித்தான் அது மேலே இழுபடும். தட்டின் விளிம்பிலேயே பக்கவாட்டில் உறிஞ்சும் குழாய் வையுங்கள். சிற்பக்கூடத்தில் தொட்டித் தண்ணீரை நேராகச் சாக்கடைக்கு விடாமல், களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் படிய மூன்று அறைத் தொட்டி கட்டுங்கள். முதல் அறையை வாரம் ஒருமுறை அள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டர் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். சுடுமண் ஸ்டுடியோவில் துடைப்பம் கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த களித்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைவிட்டுப் போகாது. ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடி போட்ட இரும்பு டப்பா, உள்ளே கொஞ்சம் தண்ணீர்.

டெண்டர் விடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், தயவுசெய்து. சிற்பத்துறை மாணவர்கள் நாலு பேரிடம் சொன்னால் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். ஸ்டுடியோவை இருபதில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து, கட்டப்போகும் இடத்தில் திசைகாட்டி வைத்துச் சரியாக நிறுத்துங்கள். ஜூன் மூன்றாவது வாரத்தில் காலை 9 மணி, நடுப்பகல், மாலை 4 மணி என்று மூன்று தடவை உள்ளே எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சன்ஷேட், சிறகு இரண்டின் அளவையும் அந்தக் குறிகளைப் பார்த்து வரைபடத்தில் எழுதுங்கள்.