கருப்பு ஸ்க்ரூவ வச்சு கார்போர்ட் கட்டாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

போன வாரமும் ஒண்ணு. இங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல ஒரு வீடு, கார் நிறுத்துற இடத்துக்கு மேல போட்ட கூரை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, அந்த அக்கா போன்ல "தம்பி, போட்டு ஒரு வருஷம்கூட ஆகல, ஒரே காத்துல இப்படி ஆயிடுச்சு"ங்கறாங்க. போய்ப் பாத்தா மரம் நல்ல மரம், ஷீட்டும் நல்ல ஷீட்டு, பர்லின (ஷீட்டுக்கு அடியில குறுக்கப் போற கட்டை) ராஃப்டரோட (பர்லினத் தாங்குற உத்திரம்) சேத்துப் பிடிக்கிற இடத்துல மட்டும் கருப்பு ட்ரைவால் ஸ்க்ரூ. அதுவும் பாதிக்கு மேல தலை இல்லாம. வேலைய செஞ்சது அவங்க மகன்தான், நல்ல பையன், யூட்யூப் பாத்து கத்துக்கிட்டு லீவு நாள்ல உக்காந்து செஞ்சிருக்கார். "அங்கிள், நான் லூசா விடவே இல்ல, கடகடன்னு சத்தம் வந்து மெஷின் திணறுற வரைக்கும் அடிச்சேன்"ங்கறார்.

தம்பி, நீங்க அப்படி அடிச்சதும் அது ஒடிஞ்சதுக்கு ஒரு காரணம்.

ஒடிஞ்ச ஸ்க்ரூ ஒண்ண பிளையர்ல இழுத்து எடுத்து அவர்கிட்டயே காட்டினேன். ஒடிஞ்ச முகத்துல பாதி காவி நிறமா துரு, மீதிப் பாதி இப்பதான் வெட்டின மாதிரி பளபளப்பு. அதாவது பாதி வெடிப்பு எப்பவோ விழுந்துடுச்சு, உள்ள ஈரம் ஏறி துருப்பிடிச்சிருக்கு, மீதிதான் அந்தக் காத்துல போயிருக்கு. கீழருந்து பாத்தா இது எதுவுமே தெரியாது, தலை அதே இடத்துல உக்காந்திருக்கும், எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

லோட் ஷெட்டிங், அதான் முறை வச்சு கரண்ட் நிறுத்துறது, உச்சத்துல இருந்த 2022, 23 சமயத்துல டர்பன்ல பாதி வீட்டுக்கு பேட்டரில ஓடுற ஸ்க்ரூ முறுக்குற மெஷின் வந்துடுச்சு, தப்பில்ல, நல்ல சாமான்தான், நானும் தினம் அதத்தான் கையில வச்சிருக்கேன். ஆனா ட்ரில் வேற, தட்டித் தட்டி முறுக்குற இம்பாக்ட் டிரைவர் வேறங்கறத கடையில யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. ட்ரில்லுல கழுத்துல நம்பர் போட்ட வளையம் இருக்கும், அதுதான் கிளட்ச், வச்ச அளவு வந்ததும் நழுவிடும். சாதாரண இம்பாக்ட் டிரைவர்ல அது கிடையாது. 18 வோல்ட் மெஷின் 150லருந்து 200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்கும், 4 மிமீ ஸ்க்ரூவுக்கு அதுல கொஞ்சூண்டு போதும். எப்ப நிறுத்தணும்னு மெஷினுக்குத் தெரியாது, உங்க விரலுக்குத்தான் தெரியணும்.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயத்துக்கு வர்றேன். "கருப்பு ஸ்க்ரூ கெட்டி இரும்பு அங்கிள், அதனால பலம்." எத்தன வீட்டுல இதக் கேட்டுட்டேன்! கெட்டிங்கறது உண்மை. அதுதான் பிரச்சினையே. ட்ரைவால் ஸ்க்ரூ ஜிப்சம் போர்டப் பிடிக்கறதுக்குன்னே செஞ்சது, போர்டு மேல இருக்கிற காகிதம் கிழியாம உக்காரணும்னு தலைய அப்படி வளைச்சு வச்சிருக்கான், ஓட்டை போடாம வேகமா உள்ள போகணும்னு தண்ட ஒல்லியாக்கி, சூடேத்திக் கெட்டியாக்கியிருக்கான். அப்படிக் கெட்டியாக்கின இரும்பு வளையாது, ஒடியும். கூரையில இருக்கிற மரம் சும்மா இருக்காது, மழைக்கு ஊதும், வெயிலுக்கு சுருங்கும், தென்மேற்குக் காத்து அடிக்கிறப்ப ஷீட்டு மேலயும் கீழயும் இழுக்கும், அந்த அசைவ எல்லாம் ஸ்க்ரூதான் தாங்கணும். சாதா ஆணியா இருந்தா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், வளைஞ்சது கண்ணுக்கும் தெரியும். கருப்பு ஸ்க்ரூ வளையவே வளையாது, ஒரு நாள் டக்குன்னு போயிடும். நம்பலன்னா கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ட்ரைவால் ஸ்க்ரூவையும் ஒரு ஆணியையும் வைஸ்ல பிடிச்சு பக்கவாட்டுல சுத்தியலால ஒரு தட்டு தட்டிப் பாருங்க, அதுக்கப்புறம் என்கிட்ட வாதாட மாட்டீங்க. போதாததுக்கு அந்தக் கருப்புப் பூச்சு துருவத் தடுக்கறதுக்கானது இல்ல, வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துல இருக்கறதுக்குத்தான் ஆகும். இங்க பிளஃப், அம்ஷ்லாங்கா பக்கம் உப்புக்காத்துல அது எவ்வளவு நாள் நிக்கும்னு நினைக்கிறீங்க?

2024 ஜூன் 3ஆம் தேதி டர்பனுக்கு வடக்க டோங்காட்ல வந்த டொர்னாடோ மாதிரி சுழல்காத்துக்கு எந்த ஸ்க்ரூ போட்டாலும் நிக்காதேன்னு சிலர் கேக்குறாங்க. அது வேற. நான் வருஷா வருஷம் ஆகஸ்ட்ல அடிக்கிற சாதாக் காத்தப் பத்திப் பேசுறேன், அதுக்கே பிச்சுக்கிட்டுப் போகுதுன்னா அதுக்குக் காரணம் நாம போட்டதுதான்.

அப்ப எது போடணும்? பர்லின ராஃப்டரோட பிடிக்க ஹரிக்கேன் கிளிப்னு ஒரு தகடு இருக்கு, கிளிப்புக்குன்னு சொல்லியிருக்கிற ஆணியத்தான் அடிக்கணும், அதுலயும் கருப்பு ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கறதப் பாத்திருக்கேன், வேதனையா இருக்கு. வெளி வேலைன்னா ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணினது (உருக்கின ஜிங்க்ல முக்கி எடுத்தது), இல்லன்னா ஸ்டெயின்லெஸ். மஞ்சளா மின்னுற ஸ்க்ரூவ வெளி வேலைக்குன்னு நினைச்சு வாங்கறாங்க, அந்த ஜிங்க் பூச்சு சில மைக்ரான்தான், உள் அலமாரிக்கு சரி, வெளிய போடுற மரத்தள டெக்குக்கு ஆகாது. பச்சைச் சாயலா இருக்கிற ட்ரீட் பண்ணின பைன் மரத்துல செம்பு மருந்து ஏத்தியிருப்பாங்க, அது மெல்லிசான ஜிங்க்க இன்னும் சீக்கிரம் தின்னுடும். கடலோரம்னா ஸ்டெயின்லெஸ்லயும் 316 ரகம்னு கேட்டு வாங்குங்க. ஆனா அந்த ஸ்டெயின்லெஸ்ஸ அலுமினியம்-ஜிங்க் பூச்சு போட்ட கூரை ஷீட்டுல அடிக்காதீங்க, ஸ்க்ரூ நல்லா இருக்கும், சுத்தி ஷீட்டு அரிச்சுப் போயிடும். ஷீட்டுக்குன்னு கிளாஸ் 4ன்னு துரு தாங்குற தரத்துல பூச்சு போட்ட ஸ்க்ரூ இருக்கு, கடலோரம் அதுக்குக் கம்மியா எடுக்காதீங்க.

நீளம். ஐபிஆர் ஷீட்டுல, அதான் பெட்டி மாதிரி மேடு பள்ளமா மடிச்ச தகரம், ஸ்க்ரூவ அந்த மேட்டு முகட்டு மேலதான் போடுறோம், அந்த முகட்டு உயரமே சுமார் 36 மிமீ, அதுக்குக் கீழ வெறும் காத்துதான். 65 மிமீ ஸ்க்ரூ போட்டா மரத்துக்குள்ள போறது 30 மிமீகூட இல்ல. இந்தக் கணக்கப் போடாம கையில இருக்கிற டப்பாவத் திறந்து அடிக்கறாங்க.

அப்புறம் அந்த ரப்பர் வாஷர். கூரை ஒழுகுதுன்னு கூப்பிட்டு மேல ஏறிப் பாத்தா ஷீட்டுல ஒரு ஓட்டையும் இருக்காது, ஸ்க்ரூவச் சுத்தி ரப்பர் நசுங்கி வெளிய பிதுங்கி வெடிச்சிருக்கும், முகடும் குழிஞ்சு அதுல தண்ணி தேங்கியிருக்கும். எல்லாம் இம்பாக்ட் டிரைவர முழு வேகத்துல அழுத்தினதோட விளைவு. ரப்பர் வாஷரோட ஓரத்துக்கு லேசா எட்டிப் பாக்கிற அளவுக்கு அமுங்கினாப் போதும், நிறுத்திடுங்க. கூரை வேலைக்கு ஆழம் வச்சு நிறுத்துற ஸ்க்ரூ கன் தனியா இருக்கு, இல்லாதவங்க கிளட்ச் ட்ரில்ல போடுங்க, அதுவும் இல்லன்னா கடைசி ரெண்டு சுத்து கையால முறுக்குங்க. நேரம் ஆகும்தான். ஆகட்டும்.

பலாவ் டெக் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது இரும்பு மாதிரி மரம், ஸ்டெயின்லெஸ்ஸோ மெதுவான உலோகம், ஓட்டை போடாம இம்பாக்ட்ல அடிச்சா தலை கையோட வந்துடும், தண்ட வெளிய எடுக்கவே முடியாது. 5 மிமீ ஸ்க்ரூவுக்கு உள்ள 3.5 மிமீ பைலட், அதாவது முன்னாடியே போடுற ஓட்டை, மேல் பலகையில மட்டும் ஸ்க்ரூ தாராளமா நுழையற அளவுக்கு 5.5 மிமீ. மேல் பலகையிலயும் மரை கடிச்சா ரெண்டு பலகைக்கும் நடுவுல இடைவெளி அப்படியே நின்னுடும், அத மூடறதுக்குன்னு இன்னும் முறுக்கித்தான் முக்கால்வாசிப் பேர் ஸ்க்ரூவ ஒடிக்கிறாங்க.

பிட்டு வழுக்கித் தலை மழுங்குதுன்னா ஸ்க்ரூவக் குறை சொல்லாதீங்க. தலையில பெரிய கூட்டல் குறிக்கு நடுவுல சின்னக் கோடுகள் இருந்தா அது போசிட்ரைவ், அதுக்கு பிலிப்ஸ் பிட்டப் போட்டா வழுக்கத்தான் செய்யும். முடிஞ்சா நட்சத்திரக் குழி இருக்கிற டார்க்ஸ் தலை வாங்குங்க, சுகமா இருக்கும்.

இந்த மெஷின கொண்டு போய் பிளக் பாயின்ட், டிபி போர்டு (வீட்டு மெயின் கரண்ட் பெட்டி) டெர்மினல், கிச்சன் கீல் ஸ்க்ரூ எதையும் தொடாதீங்க. சுவத்துல அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஸ்க்ரூ வெளிய வர்ற பக்கம் கைய வச்சுப் பிடிக்காதீங்க, கிளாம்ப் எதுக்கு இருக்கு? பேட்டரிய வெயில்ல நிக்கிற பக்கி (பிக்கப் வண்டி) டாஷ்போர்டு மேல போட்டுட்டுப் போகாதீங்க, சூடா இருக்கிறப்பவே சார்ஜ்ல போடாதீங்க. கண்ணாடி கட்டாயம். காதடைப்பும் கட்டாயம், தகரக் கூரைக்கு அடியில நின்னு இம்பாக்ட் ஓட்டுறப்ப வர்ற சத்தம் காதுக்கு நேரடிக் கெடுதல், என்கூட வேலை பாத்த பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட இன்னைக்குக் கத்திப் பேசுனாத்தான் கேக்கும்.

கார்போர்ட் ஏற்கெனவே போட்டாச்சு, என்ன ஸ்க்ரூன்னு ஞாபகம் இல்லன்னா இந்த வாரக் கடைசியில ஏணி பிடிக்க ஒருத்தர வச்சுக்கிட்டு ஏறிப் பாருங்க. பர்லின் சேர்ற இடத்துல கருப்புத் தலை தெரிஞ்சா அதக் கழட்டாதீங்க, அப்படியே விட்டுட்டு பக்கத்துலயே கிளிப் அடிச்சு பலப்படுத்திட்டு, அப்புறமா ஒவ்வொண்ணா மாத்துங்க.