பத்து லட்சம் கொடுத்தால் பத்து விழுமா? 25 மீட்டர் பிஸ்டல் வாங்கும் முன்

துப்பாக்கி சுடும் விளையாட்டில், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஓரளவு தேறி 25 மீட்டர் பிரிவுக்கு வருகிறவர்களின் வீட்டில் முதலில் எழும் பேச்சு துப்பாக்கி விலைதான். பார்டினி எஸ்.பி., மொரினி சி.எம். 22, வால்தர் எஸ்.எஸ்.பி., ஃபைன்வெர்க்பாவ் ஏ.டபிள்யூ. 93 என்று நாலைந்து போட்டி பிஸ்டல்களின் பெயர்கள்தான் எந்த ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடத்துக்கு) போனாலும் அடிபடும். வெளிநாட்டுச் சந்தையில் இவற்றில் ஒன்றின் விலைக்குச் சாதாரண .22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல்கள் மூன்று வாங்கலாம். இங்கே இறக்குமதி, வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் கணக்கு இன்னும் எகிறும். விலை கூடினால் மதிப்பெண்ணும் கூடும் என்று நம்பித்தான் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

முதலில் துல்லியம். 25 மீட்டர் போட்டியில் இரண்டு பகுதி: நிதானமாகச் சுடும் பிரிசிஷன், வேகமாகச் சுடும் ரேபிட். பிரிசிஷன் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மி.மீ. தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ. அதன் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், 55 மி.மீ. வட்டத்துக்குள் தோட்டாவின் மையம் விழுந்தால் போதும். நல்ல மேட்ச் தோட்டா போட்டு, மேஜையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டால், ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் போன்ற விலை குறைந்த பிஸ்டல்களே 25 மீட்டரில் இந்த வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவையும் போட்டுவிடும். ரேபிட் இலக்கில் பத்தாம் வளையம் 100 மி.மீ.; அங்கே பேரலின் (குழலின்) துல்லியம் ஒரு பேச்சே இல்லை.

மதிப்பெண் போவது வேறு இடத்தில். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே விதி அனுமதிக்கும் அதிகபட்ச தூரம் 220 மி.மீ. அந்த 220-இல் முன் சைட் 0.1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் தோட்டா 11 மி.மீ. விலகும். கால் மி.மீ. விலகினாலே பத்து போய்விடும். டிரிகரை இழுக்கும் கடைசி நொடியில் விரல் சைட்டை எவ்வளவு நகர்த்துகிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஆகவே கொடுக்கும் காசு டிரிகருக்கும் கைப்பிடிக்கும் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பேரலைப் பற்றி விற்பவர் பேசும் பெருமையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஸ்போர்ட் பிஸ்டலின் (இந்த 25 மீட்டர் .22 பிஸ்டலின்) டிரிகர் எடை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவைப்படும் பளு, விதிப்படி குறைந்தது 1000 கிராம். துப்பாக்கியைச் செங்குத்தாக, பேரல் வானத்தைப் பார்க்கப் பிடித்து, டிரிகரில் எடைக்கல்லை மாட்டி மெதுவாகத் தூக்கினால் கல் தரையை விட்டு எழ வேண்டும், விசை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) விழக்கூடாது. விலை உயர்ந்த துப்பாக்கிகளில் இந்த ஒரு கிலோவை இரண்டு கட்டமாகப் பிரிக்க முடியும். முதல் கட்டத்தில் 700 முதல் 800 கிராம் வரை வாங்கிக்கொண்டு, ஒரு சுவரில் முட்டியதுபோல் விரல் நிற்கும். மீதி 200, 300 கிராமுக்குக் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் பட்டென்று விழும். மலிவான பிஸ்டல்களில் ஒரே இழுவையில் முழு எடையும் வரும், நடுவில் கொரகொரவென்று அரைக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

வாங்கும் முன் டீலரிடம் எடைக்கல் கேளுங்கள். இல்லையென்றால் கிளப்பில் இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பத்து முறை தூக்கிப் பார்த்து, எத்தனை கிராமில் விழுகிறது என்று எழுதுங்கள். பத்து அளவுக்கும் இடையே 30 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சியர் (அந்த விசையைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) அழுக்காக இருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. சுத்தம் செய்த பிறகும் அப்படியே இருந்தால் அந்த விலைக்கு அது தகாது. போட்டிக்குச் சரியாக 1000-இல் வைப்பவர்களும் உண்டு. அது வேண்டாத துணிச்சல். 1030-இலிருந்து 1050-க்குள் வைத்தால் எடை பார்க்கும் மேஜையில் வியர்க்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை பாதுகாப்புக்கானது. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, வெடிக்காத டம்மி தோட்டா போட்டு டிரிகரை இழுங்கள். விரலை விடாமல் அழுத்தியபடியே போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகத்தை) பின்னால் இழுத்துப் பட்டென்று விடுங்கள். இப்போது மெல்ல விரலைத் தளர்த்தினால் ‘டிக்’ என்று சியர் திரும்பப் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். பத்து முறையில் ஒரு முறை அந்தச் சத்தம் வராமல் போனாலோ, போல்ட் மூடும்போதே விசை தானாக விழுந்தாலோ, அந்தத் துப்பாக்கி ரேஞ்சில் ஒரே இழுவைக்கு இரண்டு தோட்டா சுடக்கூடும். பெரும்பாலும் யாரோ திருகு ஆணிகளைத் திருகி, சியரின் பிடிமானத்தை முடி அளவுக்குக் குறைத்திருப்பார்கள். பழைய துப்பாக்கிகளில் இது சகஜம். ‘டிரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும்’ என்று விற்பவர் சொன்னால் இந்தச் சோதனையை இருபது முறை செய்யுங்கள்.

ரேபிட் பகுதியில் விலையின் இன்னொரு காரணம் தெரியும். கை 45 டிகிரியில் கீழே இருக்க, இலக்கு 3 நொடி தெரியும், 7 நொடி மறையும். இப்படி ஐந்து முறை. பார்டினி, வால்தர் போன்றவற்றில் மேகசின் கைப்பிடிக்குள் இல்லை, டிரிகர் கார்டுக்கு முன்னால் இருக்கிறது. இதனால் கைப்பிடியை விருப்பப்படி செதுக்கலாம். பேரலும் கைக்கு நெருக்கமாகக் கீழே இறங்கும். சுட்டதும் முனை மேலே எகிறாமல் நேராகப் பின்னால் வரும். துப்பாக்கியில் ஏற்றி இறக்கக்கூடிய எடைகளும் இருக்கும். ஆனால் இதன் பலன் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்தினால் மட்டுமே. மீடியம் கை உள்ளவர் லார்ஜ் கைப்பிடியோடு வாங்கிவிட்டு, விரல் டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளுவதை உணராமல் ஓராண்டு இடது பக்கம் சுட்டுக்கொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். திறந்து பார்க்கும்போது முன் சைட் பின் சைட்டின் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பிடியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் வால்நட் கைப்பிடி சற்று உப்பும். அக்டோபரில் பொருந்தியது மே மாதத்தில் லேசாக ஆடுவதும் உண்டு. கோந்தும் மரத்தூளும் கொண்டு சரிசெய்யக்கூடிய விஷயம்தான் அது.

விதி அளவுகளை டேப்பும் தராசும் வைத்தே பார்த்துவிடுங்கள்: பேரல் 153 மி.மீ.க்குள், மொத்த எடை 1400 கிராமுக்குள், துப்பாக்கி முழுவதும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள். 6.88 அங்குல பேரல் உள்ள ரூகர் மார்க் 4 காம்பெடிஷன் எவ்வளவு அழகாகச் சுட்டாலும் 175 மி.மீ. நீளம் என்பதால் இந்தப் போட்டிக்கு ஆகாது. பெயரில் ‘காம்பெடிஷன்’ இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி, சுடும்போது துப்பாக்கி நடுவில் நின்று போகும் கதை. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அடுத்த தோட்டா ஏறாது. கீழே விழுந்து வாய் வளைந்த மேகசினும் இதையே செய்யும். எல்லா மேகசினிலும் பெயின்டால் 1, 2, 3, 4 என்று எண் போட்டு, எதில் நின்றது என்று குறித்து வையுங்கள். பழுது ஒரே எண்ணோடு சுற்றினால் அது மேகசினின் குற்றம். எல்லா எண்ணிலும் வந்தால் சேம்பரில் மெழுகும் ஈயமும் படிந்திருக்கும், அல்லது எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட உறையை வெளியே இழுக்கும் கொக்கி) முனை மழுங்கியிருக்கும். துப்பாக்கியையே மாற்றவேண்டும் என்று கொண்டுவரப்படுபவற்றில் பல, சேம்பரைத் துலக்கியதும் ஓடத் தொடங்கிவிடும்.

வேகத் தோட்டா போட்டால் நிற்காமல் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஸ்போர்ட் பிஸ்டலின் போல்ட்டும் ஸ்பிரிங்கும் ஸ்டாண்டர்ட் வேகத்துக்குச் செய்யப்பட்டவை. ஹை வெலாசிட்டி தோட்டா போல்ட்டைப் பின்சுவரில் மோதவிட்டு, அதிர்ச்சி தாங்கும் பஃபரைப் பிய்த்து, கடைசியில் ஃப்ரேமில் மயிரிழை விரிசல் விடும்.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் நல்ல டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போக வேண்டும். சேம்பர் வாயின் ஓரத்தில் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி) விழும் இடத்தில் பள்ளம் இருந்தால், முந்தைய உரிமையாளர் டம்மி போடாமல் வெறுமனே டிரிகர் பயிற்சி செய்திருக்கிறார். பள்ளத்தின் மேடு தோட்டாவை உள்ளே முழுதாகப் போகவிடாது. அடுத்து போல்ட் முகம், ஃப்ரேமின் உள்மூலைகள். விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் தேய்ந்திருந்தால் கவலையில்லை, பேரம் பேச நல்ல பிடி.

உயர்ந்த விலையிலும் எதுவும் உடையாது என்ற உத்தரவாதம் கிடையாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் நடுவில் பழுதாகி நேரம் போனது. 575 மதிப்பெண்ணோடு 12-வது இடத்தில் நின்றார். அது 10 மீட்டர் துப்பாக்கி என்றாலும் பாடம் இங்கும் அதேதான். ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங் செட், நாலு மேகசின் ஆகியவை கையில் இல்லாமல் வாங்குவது பாதி வாங்குவதுதான். உதிரி பாகம் எத்தனை வாரத்தில் வரும் என்று டீலர் எழுதித் தர மறுத்தால், பக்கத்து ரேஞ்சில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடலுக்கே போய்விடலாம். இரவல் பாகமாவது கிடைக்கும். எலக்ட்ரானிக் டிரிகருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நாங்கள் யாருக்கும் முதல் துப்பாக்கியில் பரிந்துரைப்பதில்லை.

தோட்டாக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். வாரம் நாலு நாள், நாளுக்கு நூறு என்றால் ஆண்டுக்கு இருபதாயிரம் தோட்டா. ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 4 லட்சம். துப்பாக்கியில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு வாரம் ஐம்பது சுடுகிறவரைவிட, கிளப் துப்பாக்கியில் வாரம் நானூறு சுடுகிறவர் சீக்கிரம் முன்னேறுவார். பிரிசிஷன் பகுதியில் 300-க்கு 270-ஐத் தொடர்ந்து தொடாதவரை விலையுயர்ந்த பிஸ்டல் அவசரமில்லை என்பது எங்கள் கணிப்பு. 280 பக்கம் வந்து ரேபிட்டில் மட்டும் தடுமாறுகிறவருக்கு அது உடனே பலன் தரும்.

ஒத்துவராவிட்டால் விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் உள்ளவருக்கோ உரிமம் பெற்ற டீலருக்கோ மட்டுமே கைமாற்ற முடியும். ஸ்போர்ட் பிஸ்டலை வாங்கத் தகுதியும் உரிமத்தில் இடமும் உள்ளவர்கள் ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். வாங்குபவர் அனுமதி பெற்று வரும்வரை மாதக்கணக்கில் துப்பாக்கி உங்கள் பெட்டியிலேயே எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கும்.