ஒன்பதாவது கேள்வி

மருத்துவ உளவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக, இலங்கையின் மலையகத்தில் ஹட்டனைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் பெண்களின் மனச்சோர்வு பற்றித் தகவல் சேகரித்து வருகிறேன். நான் கொண்டுசெல்லும் வினாக்கொத்து, மனச்சோர்வின் அறிகுறிகளை அளவிடும் பீ.எச்.கியூ-9 (PHQ-9). கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அவரை முறையாகப் பரிசோதிக்க வேண்டும். புள்ளி மட்டுமே நோயை நிர்ணயித்துவிடாது.

தாளில் எளிதாகத் தெரியும் இக்கேள்விகள் லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) வாசலில் கடினமாகிவிடுகின்றன. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், மாலைவரை செங்குத்தான மலையில் கொழுந்து பறித்து, நிறுவை குறைந்தால் அரைப்பேர்தானே, அதாவது அரைநாள் சம்பளம்தானே, என்ற கவலையோடு திரும்பும் ஒருவரிடம் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டால், அவர் சொல்லும் 'ஆமாம்' உழைப்பின் களைப்பா, தோட்டப் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் இரத்தச்சோகையா, மனச்சோர்வா? மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். கவனம் பற்றிய கேள்வியோ பத்திரிகை வாசிப்பதை உதாரணம் காட்டுகிறது. பள்ளிக்கூடம் போக வாய்க்காத ஒருவருக்கு அந்த உதாரணம் மனத்தாங்கலைத்தான் தருகிறது. 'ஆர்வமின்மை' என்று நான் வாசித்தபோது ஓர் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொன்ன பிறகு, "ஒன்னுலயும் புடிப்பே இல்ல மிஸ், நெஞ்சு அடைச்சிக்கிட்டே இருக்கு" என்றார். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) வினாக்கொத்தின் சொல்லை ஆய்வாளர் நினைத்த இடத்தில் மாற்றிவிட முடியாது, ஆனாலும் அந்தப் 'புடிப்பு' நாங்கள் பல நாள் விவாதித்துத் தேர்ந்த சொல்லைவிடத் துல்லியமானது என்பதே என் கருத்து.

முதல் மாதத்தில் நான் பெரிய தவறொன்று செய்தேன். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) அமர்ந்தே கேள்விகளைக் கேட்டேன். உள்ளே மாமியார், ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த காம்பரா (வீட்டு அறை). கிடைத்த பதிலெல்லாம் "அப்படி ஒன்னும் இல்ல மிஸ்" என்பதுதான். பிறகு, பிள்ளைகளை அழைத்துச் சென்றபின் வெறுமையாகும் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) மாறினேன். அதே பெண்கள் அங்கே ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டுமென்றோ எண்ணம் வந்ததா என்பது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் வாழ்க்கையில் பிடிப்பே இல்லை என்றால், தனியாக அமர்த்தி, நேரடியாக, பதறாமல் கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

அந்த அக்கா ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்றார். வினாக்கொத்தை மூடிவைத்தேன். இலங்கையில் 1995க்குப் பின்னர் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததில் கொடிய பூச்சிகொல்லிகள் மீதான தடைகளுக்குப் பெரும் பங்குண்டு. எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே உயிரைக் காக்கும். அவருடைய சம்மதத்தோடு தங்கையை வரவழைத்தோம். மரக்கறித் தோட்டத்துக்கென்று அடுப்படியில் வைத்திருந்த பூச்சி மருந்துப் போத்தலைத் தங்கை அன்று மாலையே எடுத்துச் சென்றார். மறுநாள் காலை மூவருமாக வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போனோம்.