ஸ்லோ மோஷனில் எல்லா மோதலும் வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும்

வன்னியில் இப்போது ஒரு விளையாட்டுக் கழகம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்தால், இறுதியாட்டத்துக்கு நேரலையும் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பின்னேரம் நான்கு மணிக்குப் பந்து உருளும்போது ரொறன்ரோவில் அப்போதுதான் விடியும். பரிசுக்குக் காசு அனுப்பியவர் அங்கே கைபேசியோடு எழும்பி இருப்பார். அவருக்குப் படம் சினிமா மாதிரித் தெரிய வேண்டும் என்று எங்கள் பெடியன்கள் கலியாண வீட்டுக் கமராவைக் கிம்பலோடு (நடந்தாலும் படம் ஆடாமல் கமராவைப் பிடிக்கும் கருவி) மைதானத்துக்குக் கொண்டு வருகிறார்கள். வரவேற்கிறேன், நானும் அதே தொழில்தான். ஆனால் அந்த உத்திகள் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை என்ன செய்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய தொலைக்காட்சிகளில் இது பேச்சானது 2020 டிசம்பரில். அமெரிக்காவில் ஃபொக்ஸ் நிறுவனம் அந்நாட்டு ஃபுட்போல் நேரலை ஒன்றில் சோனியின் ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சர் உள்ள, கமராவைக் கிம்பலில் பூட்டி இறக்கியது. வீரர் துல்லியமாகவும் பின்னால் உள்ள எல்லாம் கரைந்தும் தெரிய, வீடியோ கேம் மாதிரி இருக்கிறதே என்று சனம் வியந்தது. வழமையான ஒளிபரப்புக் கமராவில் படத்தைப் பதியும் சென்சர் மூலைக்கு மூலை ஏறத்தாழ 11 மில்லிமீற்றர்தான். ஃபுல் ஃப்ரேமில் அது ஏறத்தாழ 43 மில்லிமீற்றர். சென்சர் பெரிதாகி லென்ஸும் அகலத் திறந்தால், ஃபோக்கஸ் நிற்கும் ஆழம் கிட்டத்தில் சில அங்குலமாகச் சுருங்கிவிடும். அவர்கள் அதை எங்கே பாவித்தார்கள் என்று பாருங்கள்: புள்ளி எடுத்த பிறகு நடந்த கொண்டாட்டத்தில். ஆட்டம் ஓடும்போது வழமையான கமராக்கள்தான் வேலை செய்தன.

எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கமராதான். ஒன்று நடுக்கோட்டுக்கு நேரே, உழவு இயந்திரப் பெட்டியின் மேல். அதில் பின்னணி மங்கவே கூடாது. குறுக்கே ஓடி வரும் பின்கள வீரர் மங்கலாக இருந்தால், பந்து ஏன் பறிபோனது என்று பார்ப்பவருக்கு விளங்காது. கிம்பல் கமராவுக்கு அணிகள் இறங்கும் நேரம், நாணயச் சுழற்சி, கோல் போட்ட பிறகு வரும் ஆரவாரம், கிண்ணம் என்று நிறைய இடம் இருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை ஸ்லோ மோஷன் மீள்காட்சி. பின்கள வீரர் பந்துக்குக் கால் நீட்டுகிறார். பந்து விலகிவிடுகிறது. பூட்ஸ் எதிராளியின் கணுக்காலில் படுகிறது. எல்லாம் அரைச் செக்கனுக்குள். அதையே நான்கு மடங்கு மெதுவாக்கி, முகத்தையும் கிட்டக் காட்டினால், அவர் பார்த்து, யோசித்து, தீர்மானித்து அடித்தது போல இருக்கும். யோசிக்க அவருக்கு நேரமே இருக்கவில்லை. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள் ‘வேண்டுமென்றே செய்தது’ என்று கூடுதலாகச் சொன்னார்கள். உண்மையில் எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று திரையில் காட்டிய பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

மத்தியஸ்தரின் முடிவைக் காணொளி பார்த்துச் சரிபார்க்கும் விஏஆர் நடைமுறை 2018இல் ஆட்ட விதிகளுக்குள் வந்தது; அதிலும் ஸ்லோ மோஷனுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எந்த இடத்தில் பட்டது, பட்டதா இல்லையா என்பதற்கு ஸ்லோ மோஷன் பார்க்கலாம். எவ்வளவு முரட்டுத்தனம், கையில் பட்டது குற்றமா என்பதை வழமையான வேகத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் மைதானங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆதரவாளர் ஒருவர் கைபேசியில் எங்கள் மீள்காட்சியைப் பார்த்து, அதை அப்படியே மத்தியஸ்தரின் முகத்துக்கு முன்னால் நீட்டுவார். அங்கிருந்துதான் தள்ளுமுள்ளு தொடங்குகிறது.

நிறுத்திய படத்தை வைத்துக் கோலா இல்லையா என்று வாதாடுவதும் அப்படித்தான். மணிக்கு 90 கிலோமீற்றரில் போகும் பந்து செக்கனுக்கு 25 மீற்றர் ஓடும். எங்கள் நேரலை செக்கனுக்கு 25 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பந்து ஒரு மீற்றர் தாண்டியிருக்கும். கோட்டைக் கடந்த அந்தக் கணம் எங்கள் பதிவிலேயே இல்லாமல் போகலாம். 2014 உலகக் கிண்ணத்தில் இதற்கென்றே ஒவ்வொரு பக்கக் கோலையும் பார்த்தபடி ஏழு அதிவேகக் கமரா பூட்டினார்கள். இன்னொன்று: கோலுக்குப் பின்னால் தூரத்தில் நின்று நீள லென்ஸால் இழுத்தால் முன்னும் பின்னும் நிற்கும் இருவர் ஒட்டி நிற்பது போலத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ‘தள்ளிவிட்டான்’ என்று சொல்ல ஏலாது.

அதனால் எங்கள் குழுவில் மீள்காட்சியை முதலில் வழமையான வேகத்தில்தான் போடுகிறோம். தகராறான கட்டம் என்றால், ஆட்டம் திரும்பத் தொடங்கும்வரை ஸ்லோ மோஷன் இல்லை. காயப்பட்டுக் கிடப்பவரைக் கிம்பலோடு சுற்றி எடுப்பதும் இல்லை. அவருடைய தாயும் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்கள் அணி ஆடும்போதும் பாடசாலைப் பிள்ளைகள் ஓடும்போதும் கிட்டக் காட்சியை முகத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

சுற்றுப்போட்டி நடத்துபவர்கள் நேரலைக்காரரோடு பேசும்போது விலையோடு இதையும் பேசி வையுங்கள். ஆட்டம் தொடங்க முன்னர் ‘நேரலைக் காட்சியை வைத்து முறைப்பாடு ஏற்கப்படாது’ என்று ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவிக்கச் சொல்லுங்கள். இரண்டு அணித் தலைவர்களும் அந்த நேரம் மைதானத்தில் நிற்கட்டும்.