தொடக்கம், முடிவு: எதை எண்ணுகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

மீண்டும் அதே பிழை அறிக்கை வந்திருக்கிறது. ஓர் அரட்டைச் செயலியிலிருந்து ஒருவரின் பெயரைச் சுட்டி அனுப்பிய செய்தியை இன்னொரு செயலியில் திறந்தால், பெயருக்கு முன்னுள்ள இடைவெளியிலிருந்தே வண்ணம் தொடங்குகிறது. பெயரின் கடைசி எழுத்து உடைந்து, இகரக் குறி வண்ணத்துக்கு வெளியே தனித்து நிற்கிறது. இரு செயலிகளை எழுதியவர்களும் தாங்கள் நெறிமுறையின்படியே, அதாவது செயலிகள் செய்தி பரிமாறும் பொது விதிகளின்படியே, நடந்ததாகச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். நெறிமுறை ஆவணத்தில் பெயரின் எல்லையைக் குறிக்கத் தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே தவிர, அவை எதை எண்ணுகின்றன, முடிவெண்ணில் உள்ளது சேருமா சேராதா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் கிடைக்கும் பதில், "நாங்கள் யுனிகோடுதான் பயன்படுத்துகிறோம், எண்ணிக்கை எப்படி மாறும்?" என்பது. மாறும். யுனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு குறியெண்ணைத் தருகிறது; அந்தக் குறியெண் நினைவகத்தில் எத்தனை அலகுகளாகக் கிடக்கிறது என்பது குறியாக்கத்தை, அதாவது யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 போன்ற எழுதும் முறையைப் பொறுத்தது. 'வணக்கம்' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவன 5 எழுத்துகள். மெய்யின் புள்ளிக்குத் தனிக் குறியெண் உண்டு என்பதால் குறியெண்கள் 7. யுடிஎஃப்-16 அலகுகளும் 7. யுடிஎஃப்-8 பைட்டுகளோ 21. ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள், மூன்றும் யுனிகோடுதான்.

இதில் தமிழ் வைத்துச் சோதிப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அன்றாடத் தமிழ்க் குறிகள் அனைத்தும் முதல் 65,536 குறியெண்களுக்குள் அடங்குவதால், குறியெண் கணக்கும் யுடிஎஃப்-16 கணக்கும் ஒன்றுபோலவே வரும், சோதனை தேறிவிடும். எமோஜி ஒன்று நுழைந்ததும் கதை மாறும்: பெரும்பாலான எமோஜிகள் அந்த வரம்புக்கு வெளியே இருப்பதால், ஒரே குறியெண் யுடிஎஃப்-16இல் இரண்டு அலகுகளாகிவிடும். 'வணக்கம்', ஓர் இடைவெளி, ஒரு சிரிப்பு எமோஜி, மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு 'மணி' என்ற பெயர் என்று ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சுழியத்திலிருந்து எண்ணி, முடிவெண்ணைச் சேர்க்காமல் விட்டால், பெயரின் எல்லை குறியெண் கணக்கில் 10 முதல் 13, யுடிஎஃப்-16 கணக்கில் 11 முதல் 14, பைட் கணக்கில் 27 முதல் 36, கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் 8 முதல் 10. அனுப்பியவர் 10, 13 என்று எழுத, பெறுபவர் அதை யுடிஎஃப்-16 என்று படித்தால், மேலே சொன்ன உடைந்த பெயர் அப்படியே கிடைக்கும்.

ஆவணம் வாய்மூடி இருந்தால் நிரல்மொழி முடிவு செய்துவிடும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணும். பைத்தான் 3 குறியெண்களை எண்ணும். கோ, ரஸ்ட் ஆகியவை பைட்டுகளை எண்ணும். ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும். அவரவர் மொழி தரும் நீளத்தையே அவரவர் இயல்பு என்று நினைப்பதில் வியப்பில்லை.

தெளிவாக எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். டெலிகிராம் அரட்டைச் செயலியின் பாட் (தானியங்கிக் கணக்கு) இடைமுகம் யுடிஎஃப்-16 அலகு என்கிறது. புளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தின் ஏடி நெறிமுறை யுடிஎஃப்-8 பைட் என்றும், தொடக்கம் சேரும், முடிவு சேராது என்றும் சொல்கிறது. எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறையின் உலகில் இதற்கென்றே எக்ஸ்இபி-0426 என்ற ஆவணம் குறியெண்ணை அளவாகக் கொள்கிறது. என் சார்பும் குறியெண்ணின் பக்கமே. ஆனால் எதைத் தேர்ந்தாலும் சண்டையில்லை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தவிர. கேட்பதற்கு அதுவே நியாயமாகத் தோன்றும். ஆயினும் எது ஓர் எழுத்து என்ற விதிகள் யுனிகோடின் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகின்றன. தந்தை, தாய், மகள் சேர்ந்த குடும்ப எமோஜி புதிய கைபேசியில் ஒரே எழுத்தாகவும், அந்த விதி அறியாத பழைய நூலகத்தில் பல எழுத்துகளாகவும் எண்ணப்படும். குறியெண் கணக்கில் அது எங்கும் 5தான்.

முடிவெண் சேராத முறையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982இலேயே அதற்கான காரணங்களை எழுதிவிட்டார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம் வரும், வெற்று எல்லையையும் எழுத முடியும், இவை போதும்.

எப்போது எண்ணுவது என்பதையும் எழுதுங்கள். செய்தி எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் வந்தால், அதைப் பகுத்த பிறகே எண்ண வேண்டும், இல்லையேல் & என்று விடுவித்து எழுதிய 'மற்றும்' குறி (&) ஒன்றுக்குப் பதில் ஐந்தாகிவிடும். செய்தியின் தொடக்கத்தில் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டு எண்ணாதீர்கள். வந்த உரையை இயல்பாக்கம் செய்துவிட்டு (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கிவிட்டு) எண்ணாதீர்கள்: 'கொ' என்பது ஒகரக் குறியோடு 2 குறியெண்ணாகவும், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரிந்து 3 குறியெண்ணாகவும் வரலாம், இயல்பாக்கம் மூன்றை இரண்டாக்கிவிட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் பிசகும்.

வண்ணம் தவறுவது சிறு குறை என்பவர்களுக்கு ஒரு சொல். பதில் செய்திகளில், பழைய செயலிகளுக்காகச் சேர்க்கப்படும் மேற்கோளைப் புதிய செயலி இதே எண்களைக் கொண்டுதான் வெட்டி எறிகிறது. கணக்குப் பிசகினால் வெட்டுப்படுவது எழுதியவரின் சொந்தச் சொற்கள். எண்கள் உரையின் நீளத்தைத் தாண்டினாலும், முடிவு தொடக்கத்துக்கு முன் வந்தாலும், அந்த எல்லையை மட்டும் புறக்கணித்து உரையை முழுதாகக் காட்டுங்கள். பைட் எல்லை ஒரு குறியின் நடுவே விழும்போது ரஸ்டில் அப்படியே வெட்ட முயன்றால் நிரலே நின்றுவிடும். வலையிலிருந்து வந்த எண்ணை நம்பி வெட்டுவது எந்த மொழியிலும் பொறுப்பின்மை.

ஏற்கெனவே வெளியிட்ட நெறிமுறையில் இந்த ஓட்டை இருந்தால், தயவுசெய்து அந்த எண்களைத் தாங்கும் அதே பண்புப் பெயரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றாதீர்கள். புதிய பெயரிலோ புதிய பெயர்வெளியிலோ (பெயர்களின் தனித் தொகுப்பிலோ) புதிய கணக்கை அறிவியுங்கள். பழையதை எப்படிப் படிப்பது என்று ஆவணத்தில் ஒரு பத்தி சேருங்கள். மேலே கொடுத்த 'மணி' செய்தியைப் போல, எமோஜியும் உயிர்மெய்யும் கலந்த எடுத்துக்காட்டு ஒன்றை, எதிர்பார்க்கும் எண்களோடு அதன்கீழ் அச்சிடுங்கள்.